சந்தேகம் வந்தால் கொடி

1964 செப்டம்பர் 20 அன்று பிட்ஸ்பர்க் நகரில் எடுத்த ஒரு புகைப்படம் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் அனைவருக்கும் தெரியும். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஒய்.ஏ. டிட்டில் புல்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஹெல்மெட் கழன்று போயிருக்கிறது. வழுக்கைத் தலையிலிருந்து இரத்தம் முகத்தில் வடிகிறது. கைகள் தொடைமேல் தளர்ந்து கிடக்கின்றன. அப்போது அவருக்கு வயது 37. ஸ்டீலர்ஸ் அணியின் ஜான் பேக்கர் அவர்மேல் மோதியபோது கையிலிருந்து போன பந்தை எதிரணி பிடித்து ஓடி டச்டவுன் போட்டது. நடுவர் அதைச் செல்லும் என்றார். படத்தை எடுத்த மோரிஸ் பெர்மனின் நாளிதழ் முதலில் அதை வெளியிடவே இல்லை. பின்னாளில் அது அந்த ஆட்டத்தின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்றானது.

அந்த மோதல் அன்று குற்றமாகவில்லை. இன்று அதே வேகத்தில் அதே இடத்தில் ஒருவர் மோதினால் நடுவரின் கை இடுப்பில் செருகிய மஞ்சள் துணியை, அதாவது தண்டனைக் கொடியை, தேடிப் போகும் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அறுபது ஆண்டுகளில் மனித உடல் மாறிவிடவில்லை. எது ஆட்டம், எது தாக்குதல் என்ற கோடுதான் இடம்பெயர்ந்திருக்கிறது. அந்தக் கோட்டை எங்கே போடுவது, யாருக்காகப் போடுவது, நொடிக்கும் குறைவான நேரத்தில் அதை யார் பார்த்துச் சொல்வது என்ற கேள்விகளுக்கு இதுவரை வந்த பதில்களில் எதுவும் முழுமையாக நிலைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது.

பந்தை விட்டபின் அவர் யார்?

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். பதினொருவர் கொண்ட அணியில் தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்து அவர் கைக்கு வந்ததும் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் நான்கைந்து பேர் அவரை நோக்கிப் பாய்வார்கள். அவருடைய லைன்மேன்கள் முன்னால் நின்று தடுப்பார்கள். கிடைக்கும் இரண்டு மூன்று நொடியில் அவர் ஆள் பார்த்துப் பந்தை எறிய வேண்டும். பந்து கையில் இருக்கும்போதே அவரை வீழ்த்தினால் அது ‘சாக்’, தடுப்பாட்டக்காரருக்குப் பெருமை. பந்து கையை விட்டுப் போன பிறகு முரட்டுத்தனமாக வீழ்த்தினால் ‘ரஃபிங் த பாஸர்’; பந்து கையில் இருக்கும்போதே விதி தடுக்கும் முறையில் வீழ்த்தினாலும் அப்படியே. அதற்குத் தண்டனை 15 யார்டு. கூடவே எறிந்த அணிக்குத் தானாகவே புதிய முதல் டவுன். அதாவது பந்து கைமாற வேண்டிய நேரத்தில் எறிந்த அணிக்கு மறுவாழ்வு கிடைக்கிறது.

சிக்கலுக்கு வேர் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. எறியும்போது அவர் கை உயர்ந்திருக்கும், விலா திறந்திருக்கும், எடை முழுவதும் முன்னங்காலில் இருக்கும், கண் தொலைவில் ஓடும் கூட்டாளிமேல் இருக்கும். களத்தில் வேறு யாரும் இவ்வளவு நேரம் இவ்வளவு பாதுகாப்பின்றி நிற்பதில்லை. பந்து போய்விட்டால் அவரை வீழ்த்துவதில் எதிரணிக்கு ஆட்ட விதிப்படி ஆதாயமும் இல்லை. விதிக்கு வெளியே ஆதாயம் உண்டு: அடிபட்டவர் அடுத்த முறை அரை நொடி முந்தியே எறிவார். இந்த அச்சத்தைத்தான் தடுப்பாட்டப் பயிற்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாக விலைக்கு வாங்க முயன்றிருக்கிறார்கள்.

முன்னோக்கி எறிவது தொடக்கத்திலிருந்தே இருந்த உரிமையல்ல. 1905இல் ஒரே ஆண்டில் பதினெட்டு, பத்தொன்பது பேர் களத்தில் அடிபட்டு இறந்ததாக நாளிதழ்கள் கணக்குப் போட்டன. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறுவருடம் வந்த சீர்திருத்தங்களில் ஒன்றாகத்தான் முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. குவியலாக மோதி நசுங்குவதைக் குறைக்க ஆட்டத்தைப் பரப்புவது அதன் நோக்கம். உயிரைக் காக்க வந்த எறிதல், எறிபவரையே புதிய இலக்காக்கியது. அவருக்கென்று தனிக் காப்பு வர முப்பது ஆண்டுகளுக்கு மேலானது. 1938இல்தான் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ரஃபிங்குக்கு 15 யார்டு தண்டனையை எழுதியது.

ஒவ்வொரு விதிக்கும் ஓர் எலும்பு

அதன்பின் வந்த விதிகளைக் கால வரிசையில் அடுக்கினால் அவை ஒரு கொள்கையிலிருந்து கிளைத்தவையாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிரபலமான மூட்டோ எலும்போ இருக்கிறது.

2006 ஜனவரி 8. சின்சினாட்டியில் பிளேஆஃப் ஆட்டம். பெங்கால்ஸ் அணியின் கார்சன் பாமர் தொடக்கத்திலேயே 66 யார்டு எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே கிமோ வான் ஓல்ஹாஃபென் அவர் இடது முழங்காலில் மோத, தசைநார்கள் கிழிந்தன. அரங்கம் பந்தைப் பார்த்து ஆர்ப்பரித்தது. எறிந்தவர் எழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஆண்டே, பாய்ந்து வரும் தடுப்பாட்டக்காரர் குவார்ட்டர்பேக்கின் முழங்காலிலோ அதற்குக் கீழோ மோதக்கூடாது என்ற விதி இறுகியது. ஒருவர் தள்ளி விழுந்திருந்தால் மட்டும் விலக்கு.

அந்த விலக்கின் ஓட்டை 2008 செப்டம்பர் 7 அன்று தெரிந்தது. கன்சாஸ் சிட்டியின் பெர்னார்ட் பொல்லார்ட் தடுக்கப்பட்டுத் தரையில் விழுந்தார். விழுந்தவர் அங்கிருந்தே எட்டிக் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் முழங்காலில் மோதினார். சீசனின் முதல் ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே அந்த ஆண்டு பிரேடிக்கு முடிந்துவிட்டது. 2009இல் ஓட்டை அடைக்கப்பட்டது: தரையில் கிடப்பவர் குவார்ட்டர்பேக்கின் காலை நோக்கி எட்டிப் பாயக்கூடாது. ரசிகர்கள் இதற்குப் ‘பிரேடி விதி’ என்றே பெயர் வைத்தார்கள். முந்தையது ‘பாமர் விதி’.

மூன்றாவது தோள் எலும்பு. 2017 அக்டோபர் 15 அன்று மினியாபொலிஸில் ஆரன் ராட்ஜர்ஸ் எறிந்த பிறகு ஆந்தனி பார் அவரோடு சேர்ந்து அவர்மேல் விழுந்தார். வலது காறையெலும்பு முறிந்தது. கொடி விழவில்லை. முழு உடல் எடையும் எறிபவர்மேல் விழும்படி வீழ்த்தக்கூடாது என்ற கருத்து அதற்கு முன்பே விதிப்புத்தகத்தில் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2018இல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்துமாறு நடுவர்களுக்கு அறிவுறுத்தல் போனது.

இப்படி விதி செய்வதை ஆதரிப்பவர்கள் இதில் குறை இல்லை என்பார்கள். சாலையில் விபத்து நடந்த வளைவில்தானே எச்சரிக்கைப் பலகை வைக்கிறோம்? அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பலகை வைக்கப்படும் வளைவுகள் எல்லாம் பெரிய மனிதர்கள் விழுந்த வளைவுகளாகவே இருக்கின்றன என்ற மறுப்புக்கு அவர்களிடம் நல்ல பதில் இல்லை. 1985 நவம்பர் 18 அன்று குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் தேசியத் தொலைக்காட்சியில் இரண்டாக முறிந்ததை இங்கே மறக்கக்கூடாது. லாரன்ஸ் டெய்லர் செய்தது பிழையில்லாத டேக்கிள். பந்து இன்னும் தைஸ்மனின் கையில் இருந்தது. பதறிப்போய் வெளியிலிருந்து உதவிக்குக் கைகாட்டியவரும் டெய்லரே. மிகக் கொடிய காயம் முற்றிலும் சட்டப்படியான மோதலிலும் நேரும். விதியால் எட்ட முடியாத பகுதி எப்போதும் இருக்கும்.

காப்பது யாரை?

ஏன் இவருக்கு மட்டும் இவ்வளவு காப்பு என்ற கேள்விக்கு இரண்டு பழைய பதில்கள் இருக்கின்றன.

முதல் பதில் உடல்நலம் சார்ந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வீரர் மைக் வெப்ஸ்டர் 2002இல் இறந்தார். மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையில் கண்டதை 2005இல் ஆய்விதழில் வெளியிட்டார். தொடர் மோதலால் வரும் மூளைச் சிதைவு அதன்பின் பொதுப் பேச்சானது. 2011 முதல் முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்தார்கள். 2013இல் 76.5 கோடி டாலருக்கு இணக்கம் ஏற்பட்டது. பிறகு அந்த உச்சவரம்பும் எடுக்கப்பட்டது. தலையில் அடிப்பதற்கு எதிரான கண்டிப்பை இந்தப் பின்னணியில் பார்ப்பவர்கள் அதை அறம் என்பார்கள், சட்டப் பொறுப்பிலிருந்து தப்பும் ஏற்பாடு என்றும் சிலர் சொல்வார்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

இந்தப் பதிலின் பலவீனம் வெப்ஸ்டரிலேயே இருக்கிறது. அவர் குவார்ட்டர்பேக் அல்ல, சென்டர். பந்தை கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, தன் தலையாலும் தோளாலும் எதிரியைத் தடுத்துக் குவார்ட்டர்பேக்கைக் காப்பதுதான் அவருடைய தொழில். ஆட்டத்துக்குப் பல பத்து முறை சிறு சிறு மோதல். எதுவும் கொடி விழும் மோதல் அல்ல. மூளைக்காகத்தான் விதி என்றால் காப்பு முதலில் அங்கே போயிருக்க வேண்டும். போகவில்லை.

இரண்டாவது பதில் அப்பட்டமானது. 2021இல் என்.எஃப்.எல். செய்துகொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு பதினோரு ஆண்டுகளுக்குச் சுமார் 11,000 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. 2024இல் டாலஸ் அணி குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ரசிகர் திரையில் தேடுவது இந்த ஆட்களின் முகத்தை. அவர்கள் ஊன்றுகோலோடு ஓரத்தில் நின்றால் சந்தைக்கு நட்டம். புள்ளிகளையும் பாருங்கள். 1977இல் ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 17.2 புள்ளிதான் எடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வளவு வறட்சி இருந்ததில்லை. மறுவருடமே எறிபவர்களுக்குச் சாதகமாக விதிகள் தளர்ந்தன. லைன்மேன்கள் கையை நீட்டி உள்ளங்கையால் தடுக்கலாம். பந்து பிடிப்பவர்களை ஓரளவு தூரத்துக்கு மேல் இடிக்கக்கூடாது. 2020இல் சராசரி 24.8.

இந்தக் கணக்கு வலுவானதுதான். ஆனால் எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாக இது நினைத்துக்கொள்ளும்போது தடுமாறுகிறது. எடுத்துக்காட்டாக 1979இல் வந்த ஒரு விதி: குவார்ட்டர்பேக் ஒருவருடைய பிடியில் தெளிவாகச் சிக்கிவிட்டால், அவர் விழும்வரை காத்திராமல் நடுவர் விசில் ஊதிவிட வேண்டும். இது காயத்தைக் குறைத்தது. கூடவே கிளர்ச்சியையும் குறைத்தது. 2008 பிப்ரவரியில் நடந்த 42ஆவது சூப்பர் பவுலில் குவார்ட்டர்பேக் ஈலை மானிங்கின் சட்டையை இருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் திமிறி வெளியே வந்து எறிந்த பந்தை டேவிட் டைரி ஹெல்மெட்டோடு அழுத்திப் பிடித்தார். விசில் ஊதப்பட்டிருந்தால் சூப்பர் பவுல் வரலாற்றின் மிகப் பெயர்பெற்ற ஆட்டக் கணம் நடந்தே இருக்காது. பணம் மட்டுமே விதியை எழுதியிருந்தால் இந்த விதியை எழுதியிருக்கத் தேவையில்லை.

அடிப்பவர் தரப்பு

குவார்ட்டர்பேக்குகளுக்குப் பாவாடை கட்டிவிடலாம் என்று ஸ்டீலர்ஸின் ஜாக் லாம்பர்ட் சொன்னது தடுப்பாட்டக்காரர்களின் முழக்கமாக இன்றும் ஓடுகிறது. அதில் ஒலிக்கும் ஆண்மைப் பெருமிதத்தை ஒதுக்கிவிடலாம். அதற்கு மேல் பேச அதில் ஒன்றுமில்லை. அதன் பின்னால் இருக்கும் வாதம் வேறு, அதற்குக் காது கொடுக்க வேண்டும். மோதலை ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் களத்தில் இறங்குகிறார்கள்; ஒருவருக்கு மட்டும் வேறு விதி இருந்தால் அது ஒரே ஆட்டமா என்பது அந்த வாதம்.

இதற்கு எதிராக எடுத்துவைக்கப்படும் சம்பவங்களும் குறைவில்லை. 1986 நவம்பர் 23 அன்று கிரீன் பே அணியின் சார்லஸ் மார்ட்டின் இடுப்பில் ஒரு துண்டு தொங்கியது. அதில் சிகாகோ வீரர்கள் சிலரின் சட்டை எண்கள் எழுதியிருந்தன. 9 என்ற எண்ணும் இருந்தது. 9ஆம் எண் குவார்ட்டர்பேக் ஜிம் மக்மஹனுடையது. அவர் எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிட்டது. ஆட்டம் வேறு பக்கம் போய்விட்டது. மார்ட்டின் பின்னாலிருந்து வந்து அவரைத் தூக்கித் தோள்பட்டை படும்படி தரையில் அறைந்தார். நடுவர் ஜெரி மார்க்பிரைட் அவரை வெளியேற்றினார். இரண்டு ஆட்டத் தடையும் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் 2009 முதல் 2011 வரை எதிரணி வீரர்களைக் காயப்படுத்துவதற்குப் பரிசுப்பணம் வைக்கப்பட்டதாக லீக் கண்டறிந்து, பயிற்சியாளர் ஷான் பேட்டனை 2012 சீசன் முழுவதும் விலக்கிவைத்தது. வீரர்கள்மீதான தடைகளை முன்னாள் ஆணையர் பால் டாக்லியாபூ பின்னர் நீக்கினார். எல்லோரும் ஒப்புக்கொண்டுதான் இறங்குகிறார்கள் என்ற வாதம் இப்படிப்பட்ட துண்டுகளையும் பரிசுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆனாலும் அடிப்பவர் தரப்பின் மிக வலுவான சான்று ஒரு மோதல் அல்ல, மோதாமல் இருக்கப் பார்த்த ஒருவரின் கால். 2018 செப்டம்பர் 23 அன்று மயாமி டால்ஃபின்ஸ் அணியின் வில்லியம் ஹேஸ், டெரெக் காரைச் சாக் செய்தார். தன் எடை அவர்மேல் விழாமல் இருக்க உடலைத் திருப்பினார். கால் தரையில் மாட்டிக்கொண்டது. முழங்கால் தசைநார் கிழிந்தது. காரணம் புதிய கண்டிப்பே என்று அவருடைய பயிற்சியாளர் வெளிப்படையாகச் சொன்னார். பாமருக்கும் பிரேடிக்கும் வந்த அதே காயம். அவர் பெயரில் விதி வரவில்லை.

இயற்பியலை மறந்து இந்த வாதத்தை எடைபோட முடியாது. 130, 140 கிலோ எடையுள்ள ஒருவர் ஓடிவந்து அந்தரத்தில் இருக்கும்போது பந்து கையை விடுகிறது. பந்து விடுபட்ட பிறகு ஒரு காலடி எடுத்துவைக்கலாம் என்று விதி இடம் தருகிறது. அதற்கு மேல் வந்தால் தவிர்க்க முயன்றதாகத் தெரிய வேண்டும். தமிழில் காலடியும் அடி, வாங்குவதும் அடி. விதி பிரிக்கப் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

வெள்ளைத் தொப்பிக்காரர்

என்.எஃப்.எல். ஆட்டத்தில் ஏழு அலுவலர்கள். அவர்களில் வெள்ளைத் தொப்பி அணிந்தவர்தான் தலைமை நடுவர். குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்பார். பந்து பறந்ததும் அரங்கில் எல்லோர் கண்ணும் அதன் பின்னால் போகும். இவர் மட்டும் போகக்கூடாது. எறிந்தவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்ப்பதால் ஹெல்மெட் எங்கே பட்டது, கை முகத்தில் உரசியதா தோளிலா என்பது பல நேரம் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். பந்து எந்த நொடியில் கையை விட்டது என்பதும் அப்படியே.

இங்கேதான் விதிப்புத்தகத்தின் ஒரு வரி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ரஃபிங்கா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ரஃபிங் என்றே அறிவிக்க வேண்டும் என்று அது நடுவருக்குச் சொல்கிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே சந்தேகத்தின் பலன் மட்டையாளருக்கு, அதாவது தண்டிக்கப்பட இருப்பவருக்கு. இங்கே சந்தேகமே தண்டனைக்குப் போதும். நடுவர்களின் தடுமாற்றம் என்று ரசிகர்கள் திட்டுவதில் கணிசமான பங்கு உண்மையில் இந்த வரியின் விளைவு என்பது என் கணிப்பு. ஐயம் வரும்போதெல்லாம் கொடி வீசச் சொல்லிவிட்டு, வீசிய கொடிகள் எல்லாம் ஐயமற்றவையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

2018 செப்டம்பர் 16 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லாம்போ ஃபீல்டில் கடைசி நிமிடங்கள். மினசோட்டாவின் கிர்க் கசின்ஸ் எறிந்த பந்தை கிரீன் பேயின் ஜைர் அலெக்சாண்டர் பிடித்துவிட்டார். ஆட்டம் முடிந்த மாதிரி. ஆனால் கிளே மாத்யூஸ் கசின்ஸை வீழ்த்திய விதத்துக்காகக் கொடி விழுந்திருந்தது. பந்து மினசோட்டாவுக்கே திரும்பியது. அவர்கள் சமன் செய்தார்கள். 29-29 என்று ஆட்டம் முடிந்தது. கசின்ஸைத் தூக்கித் தரையில் செலுத்தினார் என்பது நடுவர் டோனி கொரெண்டேயின் விளக்கம். லீக் அந்தத் தீர்ப்பை ஆதரித்தது. அடுத்த வாரம் வாஷிங்டனின் அலெக்ஸ் ஸ்மித்தை வீழ்த்தியதற்கும் மாத்யூஸ்மேல் கொடி விழுந்தபோது கூச்சல் உச்சத்துக்குப் போனது. விதிக்குழு தொலைபேசியில் கூடிப் பேசியது. விதியை மாற்றவில்லை. ஆனால் அதன்பின் கொடிகள் குறைந்தன.

இந்த ஏற்ற இறக்கம் தனியாகக் கவனிக்கத் தக்கது. விதியின் வாசகம் அப்படியே இருக்கிறது. வற்புறுத்தல் மட்டும் கூடிக் குறைகிறது. 2022 செப்டம்பர் 29 அன்று குவார்ட்டர்பேக் டூவா டாகோவைலோவா தலையில் அடிபட்டு விரல்கள் விறைத்துக் கிடந்த காட்சியை நாடே பார்த்தது. பத்து நாள் கழித்து, அக்டோபர் 9, தம்பாவில் அட்லாண்டாவின் கிரேடி ஜாரெட் செய்த சாதாரணச் சாக்குக்கு ஜெரோம் போகர் கொடி வீசினார். அட்லாண்டா 15-21 என்று பின்தங்கியிருந்தது. பந்து அவர்களுக்குத் திரும்ப வர வேண்டிய நேரம். குவார்ட்டர்பேக் தேவையின்றித் தரையில் வீசப்பட்டார் என்பது போகரின் விளக்கம். மறுநாள் இரவு கன்சாஸ் சிட்டியின் கிரிஸ் ஜோன்ஸ், டெரெக் காரின் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்தபடியே அவர்மேல் விழுந்தார். பந்து ஜோன்ஸ் கையில். ஒரு கையைத் தரையில் ஊன்றி எடையைத் தாங்கவும் பார்த்தார். கார்ல் ஷெஃபர்ஸ் கொடி வீசினார். டாகோவைலோவா காட்சிக்கும் இந்தக் கொடிகளுக்கும் நேரடித் தொடர்பு என்று நிரூபிக்க முடியாது. அப்படி நினைக்காமல் இருப்பதும் கடினம்.

எல்லாக் குவார்ட்டர்பேக்கும் ஒன்றா?

விதியில் ஆள் பெயர் இல்லை. களத்தில் இருக்கிறது என்பது ஒரு பழைய குற்றச்சாட்டு. கரோலினாவின் கேம் நியூட்டன் 2016இல் இதை உரக்கச் சொன்னார். ஆறடி ஐந்து அங்குலம், 110 கிலோவைத் தாண்டிய உடல், ஓடவும் செய்வார். மற்றவர்களை வீழ்த்தும் அடியில் அவர் நின்றுவிடுவார். நின்றுவிட்டால் கொடி விழாது. தனக்குப் பாதுகாப்பாகவே தோன்றவில்லை என்று ஆணையர் ராஜர் குடெல்லிடமும் பேசினார்.

இதற்கு நடுவர்கள் தரப்புப் பதில் விதியிலேயே உண்டு. லைன்மேன்கள் அமைக்கும் ‘பாக்கெட்’டை விட்டு ஓடிக்கொண்டே எறிபவர் காப்பில் ஒரு பகுதியை இழக்கிறார், பந்தை இடுக்கிக்கொண்டு ஓடினால் அவர் மற்ற ஓட்டக்காரரைப் போல. எனவே ஓடும் குவார்ட்டர்பேக்குகளுக்குக் கொடி குறைவாக விழுவது பாரபட்சத்தைக் காட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பாக்கெட்டுக்குள் நிற்கும்போதும் நியூட்டன் வாங்கிய அடிகளை இந்த விளக்கம் தொடுவதில்லை. நட்சத்திரங்களுக்குச் சலுகை என்ற குற்றச்சாட்டும் இப்படித்தான். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு ரஃபிங் கொடிகூட விழுவதில்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை ஆள்வாரியாகப் பிரித்தால் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

காப்பை ஆயுதமாக்கும் குவார்ட்டர்பேக்குகளும் உண்டு. கால் முன்னே நீட்டிச் சறுக்கினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும், அதன்பின் தொடக்கூடாது. 2021 டிசம்பரில் கல்லூரி ஆட்டமொன்றில் பிட்ஸ்பர்கின் கென்னி பிக்கெட் சறுக்கப் போவதுபோல முழங்காலை மடித்தார். எதிரணியினர் கையை இறக்கி நின்றார்கள். அவர் நிமிர்ந்து ஓடி டச்டவுன் போட்டார். சறுக்குவதுபோல் பாவித்தாலே பந்து செயலிழக்கும் என்று சில நாட்களிலேயே கல்லூரி விதியாளர்கள் அறிவித்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் 2024 டிசம்பர் 1 இருக்கிறது. சறுக்கிவிட்ட டிரெவர் லாரன்ஸின் தலையில் அசீஸ் அல்-ஷாயிர் முன்கையால் மோதினார். வெளியேற்றம், மூன்று ஆட்டத் தடை. ஒரு பக்கம் நம்பி நின்றவர் ஏமாந்தார், இன்னொரு பக்கம் நம்பிச் சறுக்கியவர் அடிபட்டார்.

திரும்பப் போட்டுப் பார்த்தால்?

கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் இருப்பதுபோல இங்கேயும் வைத்தால் என்ன? இன்று அதிகம் ஒலிக்கும் தீர்வு இது. கல்லூரி ஆட்டம் பாதி தூரம் போயிருக்கிறது. தலையைக் குறிவைத்த மோதலுக்கு 2013 முதல் வெளியேற்றம் உண்டு; நிகழ்படத்தில் சரிபார்ப்பார்கள். தொடக்கத்தில் ஒரு வேடிக்கை. நிகழ்படம் பார்த்து வெளியேற்றத்தை ரத்து செய்தாலும் 15 யார்டு தண்டனை அப்படியே நின்றது. குற்றமே இல்லை என்று சொல்லிவிட்டு அபராதம் மட்டும் வாங்கிக்கொண்ட கதை. 2014இல் அதைத் திருத்தினார்கள்.

என்.எஃப்.எல். தயங்குவதற்குக் காரணம் உண்டு. 2019 ஜனவரியில் செயின்ட்ஸ், ராம்ஸ் அணிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில் பந்து பிடிக்க வந்தவரை முன்கூட்டியே இடித்த அப்பட்டமான தவறுக்குக் கொடி விழவில்லை. அந்தக் கோபத்தில் அவ்வகைத் தீர்ப்புகளை மறுபரிசீலிக்கும் உரிமையை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். எது தெளிவான தவறு என்பதில் நியூயார்க்கில் திரை முன் உட்கார்ந்திருந்தவர்களும் உடன்படவில்லை. 2020இல் கைவிட்டார்கள். ரஃபிங் தீர்ப்பைப் பயிற்சியாளர் எதிர்க்க இடம் தர வேண்டும் என்று 2023இல் ராம்ஸ் அணி முன்மொழிந்தது. அணி உரிமையாளர்கள் ஏற்கவில்லை. பிறகு அண்மை ஆண்டுகளில் வேறு வழியாகச் சிறு கதவு திறந்திருக்கிறது. கொடி விழுந்த பின், தலையில் படவே இல்லை என்பதுபோல ஐயமறத் தெரிந்தால் நிகழ்பட அலுவலர் நடுவருக்குச் சொல்லித் திருத்தலாம்.

நிகழ்படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கை ஹெல்மெட்டில் பட்டதா, பந்து எப்போது கையை விட்டது என்பவை திரையில் தெரியும் உண்மைகள். எடையைத் தாங்க முயன்றாரா, தேவையின்றி வீசினாரா என்பவை அப்படியல்ல. மெதுவாக ஓடவிட்டால் கால் நொடி மோதல் திட்டமிட்ட தாக்குதல்போலத் தெரிய ஆரம்பிக்கும். 2018, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எரிச்சலைக் கிளப்பிய தீர்ப்புகள் இந்த இரண்டாம் வகை. மறுபார்வை அவற்றில் உதவியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

இன்னும் தீராதவை

விதிகளால் காயம் குறைந்ததா என்று கேட்டால், கால் நூற்றாண்டு முன்பு சர்வசாதாரணமாக இருந்த சில மோதல் வகைகள் இன்று அரிதாகிவிட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரேடி 45 வயதுவரை ஆடியதற்கு இந்தக் காப்பும் ஒரு காரணம் என்று நினைப்பது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் மருத்துவம், பயிற்சி, விரைவாக எறியும் புதிய ஆட்டமுறை எல்லாம் அதே காலத்தில் மாறியதால் விதியின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது எளிதல்ல. ஹேஸ் போன்றவர்கள் கொடுத்த விலையைக் கழித்துக்கொண்டு கணக்குப் போட்டால் மிச்சம் எவ்வளவு என்பதும் தீராத கேள்விதான்.

கண்டிப்பா தளர்வா என்ற வழக்கமான சண்டையைவிட ‘சந்தேகம் வந்தால்’ என்ற அந்த வரி விவாதத்துக்கு உரியது என்றே எனக்குத் தோன்றுகிறது. தலை, முழங்கால் இரண்டுக்கும் அதை வைத்துக்கொண்டு, உடல் எடை, தரையில் வீசுதல் ஆகியவற்றுக்கு மட்டும் எடுத்துவிடலாமா? அப்படிப் பிரித்தால் அடுத்த ராட்ஜர்ஸ் காறையெலும்பை யார் ஏற்றுக்கொள்வது? 2023இல் ராம்ஸ் கொண்டுவந்த முன்மொழிவுகூட யார் மறுபடி பார்ப்பது என்பதைப் பற்றித்தான் பேசியது, அந்த வரியைத் தொடவில்லை. அடுத்து ஒரு பெரிய குவார்ட்டர்பேக் எழாமல் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது தொடுவார்களா என்பதும் தெரியவில்லை.